பிரதான வீதியில் சுப்பர் மார்க்கட்: ஹட்டன் - டிக்கோயா நகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிரதான வீதியில் சுப்பர் மார்க்கட் ஒன்று கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து டவுனில் எங்கு போனாலும் அதே பேச்சுதான். கடை வரவே கூடாது என்று சொல்ல நான் எழுதவில்லை. விலை ஒட்டிய சாமான், கையில் பில், நம் பிள்ளைகள் சிலருக்கு வேலை, இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. நான் கேட்பது ஒன்றுதான். அங்கே வரும் லொறியும் வேனும் ஆட்டோவும் அந்தக் காணிக்குள்ளேயே நின்று ஏற்றி இறக்கித் திரும்ப வேண்டும். அதற்கு இடமில்லாத வரைபடத்துக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

ஹட்டனின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம், நடுவில் வீதி. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பஸ்களும், டிசம்பர் பூரணையிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் இந்த வழிதான். 2017இல் 150 கட்டில்களோடு புதுக் கட்டடம் திறக்கப்பட்ட கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு, கொட்டகலைப் பக்கத்து நோயாளியை ஏற்றிய அம்புலன்சும் டவுனைத் தாண்டித்தான் போகிறது.

தரிப்பிடம் என்றதும் எல்லோரும் காரைத்தான் எண்ணுகிறார்கள். நம் ஊரின் கணக்கு வேறு. தோட்டத்தில் 10ஆம் திகதி சம்பளம் போட்டால், அதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். லயத்திலிருந்து பஸ் ஏறி வந்த அம்மா அரிசி, கோதுமை மா, சீனி, தேங்காய் எல்லாம் வாங்கியபின் அவ்வளவு சுமையோடு பஸ் நிலையம் வரை நடக்க முடியாது. மழையும் விட்டபாடில்லை. கடை வாசலிலேயே நின்று கை காட்டுவார், ஆட்டோ நிற்கும். பைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, பிள்ளையையும் ஏற்றி முடிப்பதற்குள் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடும். அம்மாவிடமும் பிழையில்லை, ஆட்டோத் தம்பியிடமும் பிழையில்லை. இன்று பல கடை வாசல்களில் பிரிந்து நடப்பது நாளைக்கு ஒரே வாசலில் நடக்கும். பத்துக் காருக்குக் கோடு கீறிக் காட்டினால் இது தீராது. ஆட்டோ உள்ளே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு வெளியேற வழி எங்கே என்று கேளுங்கள். சாமான் லொறி வீதியை மறிக்காமல் எப்படித் திரும்பும் என்றும் கேளுங்கள்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டடத்துக்கு ஏற்றபடி தரிப்பிடம் கேட்கின்றன. குறையும் இடத்துக்குப் பதிலாகக் கட்டணம் கட்டிவிடும் வழக்கமும் நாட்டில் உண்டு. தயவுசெய்து அந்தக் கதவை இங்கே திறக்காதீர்கள். எவ்வளவு பணம் வந்தாலும் இந்த வீதியை அகலமாக்க நம்மிடம் நிலமில்லை. மலையைக் குடைந்து கீழ்த்தளத்தில் நிறுத்துகிறோம் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசை முதலில் எடுத்து வரட்டும். மண்சரிவில் எத்தனை குடும்பங்களை இழந்த மாவட்டம் இது.

எதிர்ப்புத் தெரிவிக்கும் கடைக்கார அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வியாபாரம் பற்றிய பயம் நியாயமானது. கொப்பியில் கடன் எழுதிச் சம்பளம் வரும்வரை காத்திருந்தவர்கள் நீங்கள். அந்தப் பயத்தை அப்படியே சபையில் சொல்லுங்கள், வாகன நெரிசலை அதற்குப் போர்வையாக்க வேண்டாம். காலையில் கொண்டுவந்து கடை முன்னால் விடும் உங்கள் வேன் மாலை வரை அங்கேயே நிற்பதும் நெரிசலில் ஒரு பங்குதான்.

சபை உறுப்பினர்களே, 2025 மே மாதம் எங்கள் வாக்கில் வந்தவர்கள் நீங்கள். முடிவெடுக்குமுன் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு ஒன்றிலும், யாத்திரைக் காலத்து விடுமுறை நாள் ஒன்றிலும் வாகனங்களை எண்ண வைக்கவும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் போக்குவரத்துப் பொலிஸாரையும் அதில் சேர்க்கவும். வரைபடத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் விளக்கத்தோடு சபை வாசலில் ஒட்டவும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாங்கள் விண்ணப்பித்துத்தான் அதைப் பார்க்க வேண்டும் என்றில்லையே. மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் தோட்டத்து மக்கள் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுத்தான் வர வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள், ஆட்டோ சாரதிகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் வரியிறுப்பாளர் ஒருவர்