நடுக்கடலில் போட்ட நங்கூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வரும் இளையோர் கடல் சாகசத் தொடரை இந்த வாரம் வரை படித்துவிட்டு எழுதுகிறோம். ஒகேனக்கல் பரிசல்காரர் மகன் மே விடுமுறைக்கு நாகப்பட்டினம் அத்தை வீட்டுக்குப் போகிறான். அத்தை பிள்ளைகள் இருவரோடு ஃபைபர் படகில் ஏறி நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறான். கடலே இல்லாத மாவட்டத்துப் பையனைக் கடல் கதைக்கு நாயகனாக்கியது நல்ல யோசனை. ஆனால் அந்தப் பையனுக்குத் தெரிந்ததை எழுத்தாளர் பயன்படுத்தவே இல்லை. கடலும் பல இடங்களில் கடலாக இல்லை.

நான்காம் அத்தியாயத்தில் பெரிய அலை வரும்போது பையன் 'பரிசலைச் சுழற்றுவது போல' படகைச் சுழற்றித் தப்பிக்கிறான். நிஜத்தில் அந்த இடத்தில்தான் படகு கவிழும். பரிசல் வட்டம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, பக்கவாட்டும் இல்லை. எப்படித் திரும்பினாலும் தண்ணீருக்கு அது ஒன்றுதான். நீளமான படகு அப்படியல்ல. அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டால் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் கொட்டிவிடும். அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு நேராகவோ சற்றே சாய்வாகவோ வைத்தாக வேண்டும். 'குறுக்கே போகாதே' என்ற எச்சரிக்கை பரிசலில் வளர்ந்தவன் கைக்கே தெரியாது. ஒரு அத்தியாயத்துக்கான ஆபத்து அதிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒகேனக்கலில் பாறைக்குக் கீழே எழும்பும் அலை நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீர்தான் அதன் வழியே ஓடும். கடலில் தலைகீழ். அலை ஓடும், தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாகச் சுற்றும். ஆற்றில் அலை நிற்கும் இடத்தைப் பார்த்து அடியில் பாறை இருப்பதைச் சொல்லிவிடலாம். அதே கணக்கை ஆழ்கடலில் போட்டால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு பாறையைத் தேட வேண்டியதுதான். காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று கேட்டு வளர்ந்த பையன் இந்த வித்தியாசத்தைத் தானே கண்டுபிடிப்பதாக எழுதியிருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துள்ளியிருப்பார்கள்.

என்ஜின் 'வெடித்தது' என்பது சினிமா. இந்தப் படகுகளின் பின்னால் வெளியே மாட்டும் என்ஜின் நிற்பதற்குச் சாதாரணக் காரணங்களே போதும்: எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கும், அல்லது அறுந்த வலைத்துண்டு காற்றாடியில், அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் இறக்கையில், சுற்றியிருக்கும். சில என்ஜின்களில் காற்றாடி எதிலாவது மாட்டினால், பெரிய சேதம் வராமல் இருக்கவே வைத்த சிறிய பின் ஒன்று அறுந்துவிடும். மாற்றுப் பின் பெட்டியில் இல்லை என்றால் என்ஜின் ஓடும், படகு நகராது. வெடிப்பதைவிட இது பயங்கரம்.

என்ஜின் நின்ற படகு இலங்கைப் பக்கம் ஒதுங்குகிறது என்கிறார். மே மாதத்தில் அங்கே காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். படகை வடக்கு, வடகிழக்காகத்தான் தள்ளும். தெற்கே இழுக்கும் நீரோட்டம் வேண்டுமென்றால் கதையை நவம்பருக்கு மாற்றலாம். ஆனால் அது புயல் காலம், பள்ளிக்கும் விடுமுறை கிடையாது. ஆறாம் நாள் விசைப்படகு ஒன்று தூரத்தில் தெரிவதும் சிக்கல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்தப் படகு தடையை மீறி வந்தது என்று வைத்தால் கதைக்கு இன்னொரு திருப்பம் கிடைக்கும், எழுத்தாளர் விருப்பம்.

தண்ணீர்க் கணக்கு எங்களைச் சிரிக்க வைத்தது. படகில் 20 லிட்டர் கேன் ஒன்று இருக்கிறது. ஆளுக்கு நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் மூவருக்கு 6 நாளில் 18 லிட்டர் போக, இன்னும் 2 லிட்டர் மிஞ்சும். மூன்றாம் நாளே கடல்நீரைக் குடிப்பானேன்? குடித்த பிறகு தெம்பு வருவது அதைவிடத் தவறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் சிறுநீரகம் ஒரு லிட்டர் சிறுநீரில் ஏறக்குறைய 20 கிராமுக்கு மேல் வெளியேற்றாது. ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பைத் தள்ள ஒன்றே முக்கால் லிட்டர் போக வேண்டும். குடிக்கக் குடிக்க உடம்பு வற்றும். கேன் என்ஜின் சட்டத்தில் உரசி உரசி ஓட்டையானது என்று எழுதிவிட்டால் தாகம் நியாயமாகும். மழை பெய்தால் தார்ப்பாயில் பிடிக்கலாம், ஆனால் அதில் படிந்த உப்பு போக முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

சின்னத் தவறுகள்: 'மணிக்கு 8 நாட்' என்பது தப்பு, நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. 30 மீட்டர் கோபுரம் படகில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு 60 கி.மீ. தள்ளித் தெரியாது, பூமியின் வளைவு 23 கி.மீ. சுமாருக்கு அப்பால் அதை மறைத்துவிடும். ஓவியர் கட்டுமரத்துக்கு இரட்டை உடல் வரைந்திருக்கிறார். ஆங்கிலக்காரர்கள் நம் சொல்லை எடுத்துப்போய் வேறொரு படகுக்கு வைத்த பெயர் அது. நம் கட்டுமரம் பக்கம் பக்கமாகக் கயிற்றால் பிணைத்த மரங்கள். கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடுவார்கள்.

கடைசியாக இந்த வாரத் 'தொடரும்'. வங்கக் கடலின் சராசரி ஆழம் சுமார் 2,600 மீட்டர். ஆறு நாள் மிதந்தவர்கள் 30 பாகம், அதாவது 55 மீட்டர் கயிற்றில் நங்கூரம் போட்டு படகை நிறுத்துகிறார்கள். நங்கூரம் தரையைப் படுக்கைவாட்டில் இழுத்துப் பிடிக்க, ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது கயிறு வேண்டும். இந்தக் கயிறு 11 மீட்டர் ஆழத்துக்குத்தான் சரி.

அடுத்த இதழில் திருத்த வழி இருக்கிறது. நங்கூரம் தொங்குகிறதே தவிரப் பிடிக்கவில்லை என்று அத்தை வீட்டு அக்கா கண்டுபிடிக்கட்டும். கயிற்றை இழுத்துவிட்டு, தார்ப்பாயின் நான்கு மூலைகளிலும் ஒரே நீளத்தில் சிறு கயிறுகள் கட்டி, அவற்றைப் பெரிய கயிற்றில் சேர்க்க வேண்டும். பாயின் நடுவில் கை நுழையும் அளவு ஓட்டை. இல்லையென்றால் அது தண்ணீருக்குள் அலைந்து ஆடும். ஒரு மூலையில் நங்கூரமே பாரம், எதிர் மூலையில் ஓட்டையை அடைத்த காலி கேன் மிதவை. இதை அணியத்திலிருந்து விட்டால் பாய் பை போல விரிந்து தண்ணீரைப் பிடிக்கும். படகு மெதுவாகும், முன்முனை அலையைப் பார்த்தே நிற்கும். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் சாக்குத் துணி சுற்றி, மணிக்கு ஒருமுறை தடவிப் பார்க்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்தக் காவல் பரிசல்காரர் மகனுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.