டேங்க் ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது, அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே நானும் உங்கம்மாவும் சௌக்கியம். போனில் நீ தண்ணீர் விஷயம் சொன்னதிலிருந்து அதே யோசனைதான். வீட்டில் இருப்பது நீயும் மாப்பிள்ளையும். இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறீர்கள். அப்புறம் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒரே நாளில் எப்படிக் காலியாகும்? வீட்டுக்காரர் "தண்ணி ரொம்பப் புழங்கறீங்க" என்கிறாராம். அதற்காகக் குளிப்பதையும் துவைப்பதையும் சுருக்க வேண்டாம். நகரத்துக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போதே ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். இரண்டு பேருக்கு 270. மூன்று நாளைக்கு மேல் வர வேண்டிய டேங்க் அது. எங்கேயோ ஒழுகுகிறது.

சொட்டுச் சொட்டாக விழும் குழாய் கண்ணில் படும், காதில் விழும். யாராவது ஒருநாள் சரிசெய்துவிடுவார்கள். சத்தமே இல்லாமல் போகிற தண்ணீரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு இன்று ராத்திரியே ஒரு வேலை செய். எல்லாரும் புழங்கி முடித்த பிறகு, மோட்டாரையும் நிறுத்திவிட்டு, டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டுத் தண்ணீர் மட்டத்தைக் குறித்துக்கொள். காலையில் ஒரு குழாயையும் திறக்கும் முன்னால் மறுபடி பார். ஆயிரம் லிட்டர் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 8, 9 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். இறங்கியிருந்தால் மறுநாள் ராத்திரி டேங்கிலிருந்து வீட்டுக்கு இறங்கும் லைனின் கேட் வால்வை மூடிவிட்டுப் பார். மூடியும் இறங்கினால் டேங்கிலோ அதன் ஜாயின்ட்டிலோ கோளாறு. மூடினால் நிற்கிறது என்றால் வீட்டுக்குள்தான்.

வீட்டுக்குள் என்றால் என் சந்தேகமெல்லாம் பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க் மேல்தான். பீட்ரூட் துருவிப் பிழிந்த சாறு கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விடுங்கள். கீழே பீங்கானில் சிவப்பு இறங்கியிருந்தால் அகப்பட்டுக்கொண்டது. அடியில் இருக்கும் ரப்பர் வாசர் சரியாக உட்காரவில்லை. நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. ரப்பரிலும் அது உட்காருகிற இடத்திலும் வெள்ளையாகப் படிந்துவிடும். சில சமயம் அதைத் துணியால் துடைத்தாலே போதும். இல்லையென்றால் வாசரை மாற்று. இன்னொன்று, மிதவை சரியாக அடைக்காமல் உள்ளே நடுவில் இருக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். மூடியைத் திறந்து பார்த்தாலே தெரியும். மிதவையைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் நிற்கும். ராத்திரி பகலாக இப்படிப் போனால் எவ்வளவு என்று நினைக்கவே வயிறெரிகிறது.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று நீ சொன்னாய். அதற்கடியில் ஒரு டம்ளரை வைத்துப் பத்து நிமிடம் விடு. கால் லிட்டர் நிறைந்தால் ஒரு நாளைக்கு 36 லிட்டர், மாதத்துக்கு ஒரு டேங்குக்கு மேல். மாப்பிள்ளை பலம் கொண்ட மட்டும் முறுக்கி மூடுகிறார் என்றாயே, அதை மட்டும் வேண்டாம் என்று சொல். முறுக்க முறுக்க உள்ளே உட்காரும் இடமே தேய்ந்துவிடும். பழைய திருகு குழாய் என்றால் லைனை மூடிவிட்டுத் தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றி வாசர் மாற்றினால் சரியாகிவிடும். டீக்குடிக்கும் காசுதான் ஆகும். கால் சுற்றில் திறக்கும் புது மாதிரி என்றால் அதில் வாசர் கிடையாது, கைப்பிடிக்குக் கீழே தண்ணீரைத் திறந்து மூடும் ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ. அளவும் பல்லும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜாயின்ட்டில் கசிந்தால் டெஃப்லான் டேப், மரை முறுக்குகிற திசையிலேயே சுற்ற வேண்டும். எம்-சீல் பசையை அப்பி வைப்பதெல்லாம் ஆள் வரும்வரைக்கும்தான்.

நம்ம ஊரில் தண்ணீருக்குப் பட்ட பாடு நீ பார்த்து வளர்ந்தது. ஆயிரம் அடி போர் ஓட்டியும் வெறும் புழுதி வந்த தோட்டம் காடுகள் எத்தனை! அத்திக்கடவு - அவினாசித் திட்டம் உன் தாத்தா காலத்திலிருந்து கேட்டது. 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரித் தண்ணீரை எடுத்து, ஆறு இடத்தில் பம்ப் வைத்து ஏற்றி ஏற்றி அன்னூர் வரைக்கும் கொண்டுவருகிறார்கள். குளமும் குட்டையுமாக 1045க்கு அந்தத் தண்ணீர். பம்ப் செட் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தண்ணீர் என்றாலே எத்தனை அடி ஏறி வந்தது என்றுதான் புத்தி போகும். உன் மொட்டை மாடி டேங்குக்கு ஏறுவதும் கரண்டில்தான், அந்த பில் கட்டுவதும் நீதான்.

வீட்டுக்காரரிடம் வாசருக்கும் ஸ்பிண்டிலுக்கும் சண்டை போடாதே. அந்தச் சின்னச் செலவை நீயே செய்துவிடு. ஆனால் சுவருக்குள் போகிற பைப்பில் கசிவு என்றால் கதை வேறு. பெயின்ட் உரிந்தோ, சுவர் ஒரே இடத்தில் நமத்தோ இருந்தால் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பு. அதை உடைத்துப் பார்ப்பது அவர் பொறுப்பு, மாப்பிள்ளை சுத்தியலோடு கிளம்பிவிட வேண்டாம்.

டேங்க் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று காலையிலேயே போன் பண்ணு. அதிகமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பைப் ரெஞ்சோடு நானே பஸ் ஏறி வருகிறேன். உங்கம்மா முருங்கைக்கீரையும் நிலக்கடலையும் கட்டி வைத்திருக்கிறாள், எப்படியும் யாராவது கொண்டுவர வேண்டும்.

அன்புடன்,
அப்பா