பன்னிரண்டு பேரும் ஒரு சுவரொட்டியும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள், அதனால்தான் இவ்வளவு தாமதம். கொஞ்ச நாள் படிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டதால், உனக்குப் பதில் எழுதுவதற்காக எடுத்து வைத்திருந்த ஹோமரின் கிரேக்கக் காவியம் ஒடிஸியைப் பேத்திதான் ராத்திரி ராத்திரி வாசித்துக் காட்டினாள். போன வாரம் நானே எடுத்துப் புரட்டினேன். இருபத்திரண்டாம் காண்டத்தில் ஒரு பக்கம் கேட்ட மாதிரியே இல்லை. "முழுசா வாசிச்சேன்" என்று சாதித்தவள், காட்டியதும், "அது பிடிக்கலை தாத்தா, தாண்டிட்டேன்" என்றாள்.

நீ உன் நாடகத்தில் மாற்றியிருக்கிறாயே, அதே பக்கம்தான். டிராய்ப் போருக்குப் போய் இருபது வருஷம் கழித்துத் திரும்பும் ஒடிஸியஸின் வீட்டில் ஐம்பது அடிமைப் பெண்கள். அவன் மனைவி பெனலோப்பியைப் பெண் கேட்டு வந்து டேரா போட்டவர்களோடு அதில் பன்னிரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள் என்று கிழவி யூரிக்ளியா கணக்குச் சொல்கிறாள். பெண் கேட்டு வந்தவர்களை ஒடிஸியஸ் கொன்று தீர்த்ததும், முதலில் இந்தப் பெண்களையே அந்தப் பிணங்களைத் தூக்க வைக்கிறார்கள். மேசை நாற்காலிகளைத் தண்ணீரும் கடற்பஞ்சும் கொடுத்துக் கழுவ வைக்கிறார்கள். அப்புறம் வாளால் வெட்டிவிடு என்பது ஒடிஸியஸின் உத்தரவு. மகன் டெலிமாக்கஸ் அதை மாற்றுகிறான். இவர்களுக்கு நல்ல சாவு எதற்கு என்று, கப்பல் கயிற்றைத் தூணில் கட்டி வரிசையாகத் தூக்கில் போடுகிறான். கண்ணியில் சிக்கிய புறாக்களைப் போல, கால்கள் கொஞ்ச நேரம் உதறின, ரொம்ப நேரம் இல்லை என்கிறது காவியம். அந்த 'ரொம்ப நேரம் இல்லை'யில் நானும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பேத்தியைத் திட்டவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீ பன்னிரண்டு பேரையும் பின்வாசல் வழியாகத் தப்பவிட்டதற்கு, 'ஹோமரை மாற்ற நமக்கு என்ன உரிமை?' என்று குழுவில் ஒரு பையன் கேட்டானாம். உரிமை இருக்கிறது. டிராய்ப் போருக்கே காரணமானவள் என்கிற ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, போனது அவளைப் போன்ற ஒரு மாயத் தோற்றம், அவள் எகிப்தில் இருந்தாள் என்று கி.மு. 412-இலேயே யூரிப்பிடீஸ் ஏதென்ஸில் நாடகம் போட்டிருக்கிறார். (கம்பனை இப்போது இழுக்காதே, அது தனிக் கடிதம்.)

அந்தப் பையனுக்கு அவ்தோ மெஜெதோவிச்சைப் பற்றிச் சொல். 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியாவுக்குப் போய், காவியம் பாடுகிறவர்களைப் பதிவு செய்தார். அவர்களில் ஒருவர் அவ்தோ, எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் அதுவரை கேட்டிராத ஒரு பாட்டை வேறொருவர் பாடினார், 2,294 அடி. அவ்தோ ஒரே தடவை கேட்டுவிட்டு அதையே திருப்பிப் பாடினார், 6,313 அடி! கதை அதேதான், வர்ணனையும் ஆட்களின் மனசும் கூடிவிட்டன. இது யாருடைய பாட்டு என்று சொல்வாய்? இன்னொரு பாடகர், தான் சொல்லுக்குச் சொல் அப்படியே பாடுவதாகச் சொன்னார். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை. அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. என் பேத்தி சொன்னதுதான் பொய்.

எனக்கு உறுத்துவது, 'ஹோமரின் ஒடிஸி' என்று நீ போடப்போகிற சுவரொட்டிதான். 1725-26இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் ஒடிஸியை ஆங்கிலச் செய்யுளாகக் கொண்டுவந்தார். இருபத்து நான்கு காண்டங்களில் பாதிதான் அவர் கைவேலை. எட்டை வில்லியம் புரூமும், நான்கை எலைஜா ஃபென்டனும் செய்தார்கள். ஆனால் தாங்கள் செய்தது ஐந்தே ஐந்து என்று புரூமையே ஒரு குறிப்பு எழுத வைத்தார்கள். உதவிக்கு ஆள் வைத்தது தப்பில்லை, மறைத்ததுதான் அசிங்கம். இன்னொன்று கேள். தூக்கில் போடுமுன் டெலிமாக்கஸ் பேசும் பேச்சில், அந்தப் பெண்களை 'வேசிகள்' என்று சில ஆங்கில மொழிபெயர்ப்புகள் திட்டுகின்றன. கிரேக்கத்தில் அந்த இடத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை. 2017-இல் ஒடிஸியை மொழிபெயர்த்த எமிலி வில்சன் இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். திட்டியது யாரோ, பழி ஹோமர் தலையில்.

அதனால் 'ஹோமரின் ஒடிஸி' என்று அச்சடிக்காதே. உன் பெயரைப் பெரிதாகப் போடு. கல்லெறிந்தால் உன் மேல் விழட்டும்.

ஒன்று மட்டும் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெண்களைக் காப்பாற்றும்போது நீ ஒடிஸியஸையும் டெலிமாக்கஸையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுகிறாய். கடைசிக் காட்சியில் இருவரும் நல்லவர்களாக நிற்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பெண்கள் ஓடினாலும் சரி, அந்தக் கயிறாவது மேடையில் தொங்கட்டும்.

பேத்தி உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். இருபது வருஷம் காத்திருந்து, சாணக் குவியலில் கிடந்து, எஜமானைக் கண்டதும் வாலை ஆட்டிவிட்டுச் செத்துப்போகிறதே ஒடிஸியஸின் நாய் ஆர்கஸ், உன் நாடகத்திலாவது அது பிழைக்க வேண்டுமாம். எனக்கு எழுதும்போது அவளுக்கும் தனியாக ஒரு வரி போடு.

அன்புடன்,
ராமநாதன்