டிவியால்தான் என்று எப்படித் தெரியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவி பார்க்கும் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதிக நேரம் பார்க்கிற பிள்ளைகளின் மதிப்பெண் குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, டிவிதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்பும் வீட்டில் பிள்ளை டிவி முன்னால்தான் உட்கார்ந்திருக்கும். பாடம் சொல்லித்தரவும் அங்கே ஆள் இருக்காது. மதிப்பெண் குறைந்ததற்கு இதில் எதைக் காரணம் சொல்வது? படிப்பு வராததால் டிவி பக்கம் ஒதுங்கும் பிள்ளைகளும் உண்டு. தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். இப்படிப்பட்ட கட்டுரைகளை நம்பிப் பெற்றோர் பிள்ளைகளைத் திட்டுவதால்தான் எழுதுகிறேன்.

டிவி வருமுன்னும் வந்தபின்னும் பிள்ளைகளை ஒப்பிட்டு, இதை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1973 வரை டிவி எட்டாத ஒரு சிற்றூர் இருந்தது. பள்ளத்தாக்கு என்பதால் சிக்னல் கிடைக்கவில்லை. டிவி வரப்போகிறது என்று தெரிந்ததும், டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரின் குழு முன்கூட்டியே அங்கே போய்விட்டது. ஊருக்கு ‘நோடெல்’ என்று மாற்றுப் பெயர் வைத்தார்கள். அதே மாதிரி இன்னும் இரண்டு ஊர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றில் ஒரே சேனல், மற்றதில் நான்கு.

பள்ளி மைதானத்தில் நின்று, யார் யாரை அடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், திட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து மறுபடி போனபோது நோடெல்லில் அடிதடியும் வசவும் கூடியிருந்தன, பையன்களிடமும் பெண் பிள்ளைகளிடமும். மற்ற இரண்டு ஊர்களில் அப்படி ஏறவில்லை. ஒரு பொருளைச் சொல்லி, அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்றும் கேட்டார்கள். டிவி வருமுன் நோடெல் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிட நிறையச் சொன்னார்கள். அப்புறம் அந்த வித்தியாசம் போய்விட்டது. மற்ற இரண்டு ஊர்களையும் பார்க்காமல் விட்டிருந்தால், காலம் கெட்டுவிட்டது என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

சரி, எல்லா இடத்திலும் இப்படித்தானா? இல்லை. தென் அட்லாண்டிக்கில், நெப்போலியனைச் சிறைவைத்த செயின்ட் ஹெலினா தீவுக்கு 1995இல்தான் டிவி வந்தது. டோனி சார்ல்டன் குழுவினர் பள்ளி மைதானத்தில் கேமரா வைத்து முன்னும் பின்னும் பார்த்தார்கள். பிள்ளைகளின் அடாவடி கூடவில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த சின்னத் தீவு. பெரியவர்களின் கண் பிள்ளைகள் மேல் இருந்ததும் இதற்குக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள். எனக்கு இந்த இரண்டாவது ஆய்வுதான் நம்பிக்கை தருகிறது.

நம் மாநிலத்தில் 2006 முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். ஓர் ஊருக்கு முந்தியும் இன்னோர் ஊருக்குப் பிந்தியும் வந்தன. ஏற்கெனவே டிவி இருந்த வீடுகளைக் கழித்தாலும் ஆய்வாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகள் வருகின்றன. திரையை மாட்டுவதற்கு முன்பே பிள்ளைகளின் வாசிப்பையும் பேச்சையும் அளந்து வையுங்கள், திரை இல்லாத வகுப்பிலும் அதே அளவை எடுங்கள் என்று கல்வித் துறையை உங்களைப் போன்ற இதழ்கள்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, எத்தனை பிள்ளைகளை, எவ்வளவு காலம், யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்ற விவரத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி.