ஏரியா சபைக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்பா. வடசென்னையில கல்யாணமாகி வந்த நாள்லேந்து ஒரே தெருவுலதான் குடியிருக்கேன், எந்தக் கட்சியிலயும் பதவி கிடையாது, ஆனா தண்ணி வரல லைட் எரியலன்னா முதல்ல என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஏரியா சபைங்கறது நம்ம ஏரியா ஜனங்க கூடி குறையைச் சொல்லி தீர்மானம் போடுற கூட்டம்தானே, அதை காலைல பதினோரு மணிக்கு ஆபீஸ்ல வைக்காதீங்க. லீவு நாள்தானே எல்லாரும் வருவாங்கன்னு நினைக்கிறீங்க. வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு ஜனவரி 26 என்ன லீவா? அன்னிக்குத்தான் அவங்க வேலை செய்யற வீட்டுக்கு விருந்தாளிங்க வருவாங்க, பாத்திரம் டபுளா விழும். அப்புறம் கூட்டத்துக்கு யாரு வர்றா, ரிட்டையர் ஆனவங்களும் கட்சிக்காரங்களும்தான். அவங்க பேசுறது பார்க்கிங் பத்தி.

2003, 2004ல தண்ணிப் பஞ்சம் வந்தப்போ நீங்கள்லாம் குழந்தைங்க. லாரி எப்ப வரும்னு தெரியாது, குடத்தை லைன்ல வச்சிட்டு வேலைக்குப் போனா திரும்பி வர்றதுக்குள்ள எவளாவது பின்னாடி தள்ளி வச்சிருப்பா, தினம் சண்டை, ஒருத்தி தலையில குடத்தாலயே அடி விழுந்துச்சு. அப்பதான் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் டேங்க்கிட்ட உக்காந்து பேசினோம். நாப்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்கி வீட்டுக்கு இத்தனை குடம்னு எழுதி, வாரத்துக்கு ரெண்டு பேர் நோட்டைப் பாத்துக்கணும்னு முடிவு. லாரி வந்த நேரம், வண்டி நம்பர், வராத நாள் எல்லாம் அதுல ஏறுச்சு. லாரியை தினம் அனுப்புறோமேன்னு தண்ணி ஆபீஸ்ல இருந்தவரு சொன்னப்போ நோட்டை டேபிள்ல விரிச்சோம், மனுஷன் வாயே திறக்கல. அடுத்த நாள்லேந்து லாரி ஒழுங்கா வந்துச்சு. கையெழுத்து போடத் தெரியாத பொம்பளைங்களும் அதுல ரேகை வச்சிருந்தாங்க.

2016 அக்டோபர்லேந்து 2022 பிப்ரவரி எலெக்‌ஷன் வரைக்கும் சென்னையில கவுன்சிலரே கிடையாது, 2019ல ஏரியெல்லாம் வறண்டப்போ போய்க் கேக்க ஆளில்ல. மறுபடி நோட்டை எடுத்தோம். அதனால 2022ல ஏரியா சபை ரூல்ஸ் வந்துச்சுன்னதும் எனக்கு ரொம்ப சந்தோஷம், இனிமே சட்டப்படியே கேக்கலாமேன்னு. போனேன். போன தடவை போட்ட தீர்மானம் என்னாச்சுன்னு கேட்டேன், ரிஜிஸ்டர் வேற எடத்துல இருக்குன்னாங்க. டீ நல்லாருந்துச்சு, அதைச் சொல்லிடணும்.

உங்க மேல எனக்குக் கோபம் இல்லப்பா, படிச்ச பசங்க, வாட்ஸ்அப்ல போட்டோவோட கம்ப்ளெயின்ட் போடுறீங்க, எங்களுக்கு அது வராது. ஆனா சாக்கடை தண்ணி கலந்து வர்ற குழாயை மோந்து பாத்துச் சொல்றவ அந்த குரூப்ல இல்லையே, அவ இன்னும் பட்டன் போன்ல இருக்கா.

அடுத்த கூட்டத்தை சாயந்தரம் ஏழரைக்கு மேல தெருவுலயே வைங்க. ரிஜிஸ்டரை எடுத்துட்டு வாங்க, பழைய தீர்மானத்தை முதல்ல சத்தமா படிங்க, எது முடிஞ்சுது எது முடியலன்னு சொல்லிட்டு அப்புறம் புதுசு எழுதலாம். பாய் நாங்க போடுறோம். லைட்டு மட்டும் நீங்க பாத்துக்கங்க, எங்க தெரு முனை கம்பத்துல பல்பு போய் ரொம்ப நாளாச்சு.