மேலே தொங்கப்போகும் பன்னிரண்டு விளக்குகள்

டொரண்டோ
ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாதது என் தப்புதான், அம்மாவிடமும் சொல்லிவிடு. இங்கே மைனஸ் 15. பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா குளிருக்கு முன்பே தன் அத்திமரத்தைக் கயிறு கட்டிச் சாய்த்து, பள்ளத்தில் படுக்கவைத்து, பலகை போட்டு மண்ணால் மூடிவிட்டார். தினமும் காலையில் வந்து அந்த மண்மேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். எனக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. ரசம் மட்டும் ஒரு ஆளுக்கு அளவாக வைக்க வரவில்லை, மிஞ்சிவிடுகிறது.

ஷூட்டிங் ஃப்ளோருக்கு மேலிருந்து எந்த விளக்கை, எத்தனை தொங்கவிடலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஃப்ளோர் 40-க்கு 30 அடி, விளக்கு மாட்டும் கம்பிச் சட்டமான கிரிட் 18 அடி உயரத்தில். நிற்கிற ஆளின் தலைக்கு மேல் 12 அடிதான் இருக்கிறது. அகலமாகப் பரவும் விளக்கு என்றாலும் இடைவெளி அந்த 12 அடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடக்க நடக்க முகம் மங்கி மங்கித் தெளியும். 10 அடிக்கு ஒன்று, சுவரிலிருந்து 5 அடி தள்ளி. மொத்தம் 12 வரும்.

மாமா சொல்லும் பழைய டங்ஸ்டன் ஸ்பேஸ் லைட், அதாவது துணிக் கூட்டுக்குள் இழை பல்புகள் எரியும் தொங்குவிளக்கு, மலிவுதான், ஆனால் வேண்டாம். ஒன்றுக்குள் ஆயிரம் வாட் பல்பு ஆறு இருக்கும். பன்னிரண்டுக்கு 72 கிலோவாட். நம்மூர் 230 வோல்ட்டில் மூன்று ஃபேஸுக்கும் பிரித்தால்கூட ஃபேஸுக்கு 104 ஆம்பியர். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் ஃப்ளோருக்குள் நிற்கும், அதை வெளியேற்ற மட்டும் 20 டன் ஏசி வேண்டும். 450 வாட் எல்இடி பேனல் பன்னிரண்டு என்றால் 5.4 கிலோவாட், ஒன்றரை டன்னில் முடிந்துவிடும். டங்ஸ்டனைக் குறைத்தால் மஞ்சளாகும், எல்இடியில் நிறம் மாறாது. வெளிச்சம் போதுமா என்று பயப்படாதே. கேமராவில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, லென்ஸ் திறப்பு டி2.8 என்றால் 120 லக்ஸ் வெளிச்சம் போதும். திறப்பைச் சுருக்கி டி4 வேண்டுமென்றால் 250.

பன்னிரண்டையும் ஒரேயடியாக வாங்கிவிடாதே. இரண்டை வாடகைக்கு எடுத்து, 10 அடி தள்ளி, அதே 18 அடியில் தொங்கவிடு. நிற்கிற ஆளின் தலை உயரத்தில் லைட் மீட்டரை மேல்நோக்கிப் பிடித்து, விளக்குக்கு நேர் கீழேயும் இரண்டுக்கும் நடுவிலும் அள. வித்தியாசம் அரை ஸ்டாப்புக்குள் இருக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி). பிறகு வெளிச்சத்தை 5 சதவீதத்துக்கு இறக்கி, நொடிக்கு 100 ஃப்ரேமில் ஒரு ஷாட் எடுத்துப் பார். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் மலிவானது என்றால் அங்கேதான் ஃப்ளிக்கர் அடித்து மாட்டிக்கொள்ளும். எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனில் விளக்கின் ஃபேன் இரைச்சலைக் கேள். வசனம் எடுக்கும் ஃப்ளோரில் இதை விட்டால் பின்னால் அழவேண்டியிருக்கும்.

பன்னிரண்டையும் ஒரே சுவிட்சில் போட்டால் முதல் நொடியில் இழுக்கும் கரண்டுக்கே பிரேக்கர் விழும். மூன்று மூன்றாக ஏற்று. விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் சிக்னல் போகிற டிஎம்எக்ஸ் லைனுக்கு மைக் கேபிளைப் போட விடாதே, கடைசி விளக்கில் லைனை முடித்துவைக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் கட்டாயம். இல்லாவிட்டால் விளக்கு தானாகத் துடிக்கும். ஒவ்வொன்றுக்கும் கிளாம்ப் தவிரத் தனி சேஃப்டி வயர் போடு.

ஒன்று மறக்காதே, இது முகத்துக்கான வெளிச்சம் இல்லை. மேலிருந்து மட்டும் விழுந்தால் நெற்றி மின்னும், கண் குழியாகும். முகத்துக்கு அடிக்கும் கீ லைட்டைவிட இதை ஒன்றரை ஸ்டாப் கீழே வைத்து, வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப முன்னால் தாழ்வாக ஒரு தெர்மகோல் பிடி. விளக்கைச் சுற்றிலும் கறுப்புத் துணிப் பாவாடை கட்டினால் வெளிச்சம் செட் சுவரில் ஒழுகாது.

இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. பொங்கலன்று விடியற்காலையில் அம்மா கோலம் போடும்போது டார்ச் பிடிப்பது என் வேலை. இப்போது யார் பிடிக்கிறீர்கள்? நீ எழுந்திருப்பாயா?

போன மாதப் பணம் அடுத்த மாதத்தோடு சேர்ந்து வரும். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. அப்பா கிரிட்டில் ஏறுகிறேன் என்பார், ஏறவிடாதே. கீழே நாற்காலி போட்டு மீட்டரைக் கையில் கொடு. பட்டா மாற்றத்துக்குச் சித்தப்பாவின் கையெழுத்தை அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் வாங்கிவிடு. வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா