சிப்தார்ப் தெரு பக்கத்துல இருந்து அப்பாவுக்கு

அப்பா, அம்மா, நல்லா இருக்கீங்களா. நான் நல்லா இருக்கேன், குளிர்தான் இன்னும் விட்டபாடில்ல. பாப்பா, இதை அப்பாவுக்கு நிதானமா படிச்சுக் காட்டு, போன தடவை மாதிரி பாதிய முழுங்கிடாத.

போன்ல கேட்டீங்கல்ல, அந்த ஊர்ல மிராசுதார்னு யாராச்சும் உண்டான்னு. இப்ப இருக்காங்களான்னு தெரியல, ஆனா ஒருத்தர் இருந்திருக்கார். இங்கிலாந்துல இந்த லிங்கன் ஊர்ல நான் இருக்கிற வீட்டுக்குப் பக்கத்துலயே சிப்தார்ப் தெருன்னு ஒண்ணு, தினம் சைக்கிள்ல தாண்டிப் போறேன், யாருடா இதுன்னு நான் பாத்துக்கிற தாத்தாகிட்ட கேட்டேன். அவர் அந்தக் காலத்துல இங்க இரும்பு வார்க்கிற ஃபவுண்ட்ரில வேலை பாத்தவர், வயசு 86, காலையில கஞ்சி குடிக்க மாட்டேன்னு அடம் பிடிப்பார், ஆனா அந்தத் தெருவுக்குப் பேர் குடுத்த கர்னலோட கதைன்னா நிமிந்து உக்காந்துடுவார். மிச்சத்தை நான் லைப்ரரில தேடிப் படிச்சேன்.

ஆளு பேரு கர்னல் சார்லஸ் சிப்தார்ப், 1783ல பொறந்தவர். ஊருக்குத் தெக்க ஒரு மேடு, அதுக்கு மேல கேன்விக்னு கிராமம், அங்கதான் அவங்க பண்ணையும் மாளிகையும், அங்க நின்னா எதுத்தாப்ல பெரிய கதீட்ரல் தெரியும். ஸ்பெயின் பக்கம் நெப்போலியன் படையோட நடந்த சண்டைக்கெல்லாம் போனவர். அப்பா, அண்ணன், இவர், இவர் மகன், நாலு பேருமே லிங்கனுக்கு எம்.பி. ஏன்னு கேக்காதீங்க, அப்ப எம்.பி.க்கு சம்பளமே கிடையாது (1911லதான் வந்துச்சு), டவுன் சீட்டுக்கு நிக்கணும்னாகூட வருஷத்துக்கு 300 பவுண்டு வரும்படி வர்ற சொத்து இருக்கணும்னு சட்டம், அப்ப வேற யார் வருவா.

இவர் 1826ல உள்ள போனார். போனதுலேர்ந்து ஒரே வேலை, எது வந்தாலும் வேண்டாம். 1829ல கத்தோலிக்கர்களுக்கு உரிமை குடுக்கலாம்னாங்க, வேண்டாம். ரயிலா, வேண்டவே வேண்டாம், எந்த ரயில் மசோதா வந்தாலும் எதுத்துப் பேசுவாராம், அப்படியும் 1846ல லிங்கனுக்கு ரயில் வந்துடுச்சு. இங்க கடைத்தெரு நடுவுலயே ரயில்வே கேட் இருக்குப்பா, மூடிட்டா நிக்கணும், நான் ஷிஃப்டுக்கு லேட்டா போனா தாத்தா "பாத்தியா, கர்னல் சொன்னது சரிதான்"ம்பார். அதோட 1850ல ஊருக்கு ஊர் பொது லைப்ரரி வைக்கலாம்னு ஒரு மசோதா, அதுக்கு இவர் எந்திரிச்சு, எனக்குப் படிக்கவே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டுல இருந்தப்பவே அதை வெறுத்தேன்னு சொல்லியிருக்கார். இத்தனைக்கும் இவரோட தாத்தா அதே ஆக்ஸ்ஃபோர்டுல தாவரவியல் புரொஃபசர், 36 வருஷம் அந்தப் பதவில இருந்து ஒரே ஒரு லெக்சர்தான் குடுத்தாராம், அப்ப ரத்தத்துலயே இருந்திருக்கு போல.

உங்களுக்குப் பிடிக்கிற விஷயத்துக்கு வர்றேன். தானியச் சட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, வெளிநாட்டுக் கோதுமைக்கு வரி போட்டு உள்ளூர் விலை இறங்காம பாத்துக்கிறது. 1846ல பிரதமர் பீல் அதை எடுத்துட்டார், அவர் இவரோட சொந்தக் கட்சிதான், அப்படியும் கர்னல் விடல, கடைசி வரைக்கும் எதுத்தார். நீங்க இதுல கர்னல் பக்கம்தான் நிப்பீங்கன்னு தெரியும், நெல்லு விலைன்னு வந்தா நீங்க யாரைத்தான் விட்டிருக்கீங்க. ஆனா அந்த விலையால வந்த லாபம் பெரும்பாலும் குத்தகையா நிலக்காரங்க கைக்குத்தான் போச்சு, மில்லுல வேலை பாத்தவன் ரொட்டிக்குத் தவிச்சான், அதையும் சொல்லணும்ல.

குத்தகைன்னதும் ஞாபகம் வருது. 1832ல ஓட்டுரிமைய விரிவாக்கினப்ப மொத்தத்தையும் எதுத்தவர், தோத்துடுவோம்னு தெரிஞ்சதும், வருஷம் 50 பவுண்டு குத்தகை கட்றவனுக்கும் ஓட்டு குடுங்கன்னு ஒரு திருத்தத்தைக் கிளப்பினார். கேக்க நியாயமா இருக்குல்ல? ஆனா அப்ப ரகசிய ஓட்டு கிடையாது, 1872லதான் வந்துச்சு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் முன்னாடி நின்னு வாயத் தொறந்து சொல்லணும், எவன் மாத்திச் சொல்வான். சாமர்த்தியம் இவரோடது, ஆனா அந்தத் திருத்தத்துக்குப் பேரு சாண்டோஸ்னு வேற ஒரு பிரபு பேரு. அந்த வருஷத் தேர்தல்ல இவர் தோத்துட்டார், 1835ல திரும்ப ஜெயிச்சு வந்தவர் 1855ல சாகுற வரைக்கும் அசையல.

பெருசா ஜெயிச்சது 1840ல. விக்டோரியா ராணி கட்டிக்கப்போற ஆல்பர்ட் ஜெர்மன்காரர், அவருக்கு வருஷம் 50,000 பவுண்டு குடுக்கலாம்னு அரசாங்கம் கேட்டுச்சு. இவர் 30,000 போதும்னார், 262க்கு 158 ஓட்டுல அதுவே நிறைவேறிடுச்சு. மாப்பிள்ளைக்கு வரவேண்டியதுல கை வெச்சா பொண்ணு சும்மா இருக்குமா, இவர் எம்.பி.யா இருக்கிற வரைக்கும் லிங்கன் பக்கமே வரமாட்டேன்னு ராணி சொன்னதா இங்க ஒரு கதை.

அப்புறம் 1851, லண்டன் ஹைட் பார்க்ல கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி. மரத்தை வெட்டாதேன்னு சண்டை போட்டார், அது நியாயம், கடைசில பெரிய எல்ம் மரங்களை உள்ள வெச்சே மேல கண்ணாடிக் கூரை போட்டாங்க. ஆனா வெளிநாட்டுக்காரன் கூட்டமா வருவான், ஸ்பூன் ஃபோர்க்கெல்லாம் பத்திரம்னு எச்சரிச்சாராம் பாருங்க. 60 லட்சம் பேர் போனாங்க, இவர் காலெடுத்து வைக்கல. இதைச் சொல்லிட்டு தாத்தா என்னைப் பாத்து, மேஜை டிராயர்ல இருக்கிற ஸ்பூனை எண்ணிப் பாக்கட்டுமான்னார். எனக்கு ஒரு நிமிஷம் சுருக்குன்னுச்சு, அப்புறம் அவர் முகத்தைப் பாத்து சிரிப்பு வந்துடுச்சு, எண்ணுங்க, ஒண்ணு குறையும், அது உங்க கஞ்சிக் கிண்ணத்துல இருக்குன்னேன்.

ஒண்ணு விட்டுட்டேன். கத்தோலிக்கர் வேண்டாம்னு கத்தினவரோட கூடப்பொறந்த தம்பி ரிச்சர்ட், பாதிரியார், 1841ல கத்தோலிக்கரா மாறினார், ரெண்டு வருஷத்துல திரும்பி வந்தார், 1865ல மறுபடி அங்கயே போய்ட்டார். அவர் அம்மா நினைவா வயசானவங்களுக்குக் கட்டின சின்னச் சின்ன வீடுங்க இந்த ஊர்ல இருக்கு. செங்கல் வீடு, அழகா இருக்கும். அண்ணனை விட இந்தத் தம்பியத்தான் எனக்குப் பிடிச்சுது, தாத்தாவுக்கு இதுல உடன்பாடு இல்ல.

பணம் வெள்ளிக்கிழமை போட்ருக்கேன், மோட்டார் ரிப்பேரை முதல்ல பாருங்க. தண்ணி எப்ப தொறக்கிறாங்கன்னு தெரிஞ்சா பாப்பாவை மெசேஜ் போடச் சொல்லுங்க. தாத்தா உங்களை விசாரிச்சார், எத்தனை ஏக்கர்னு கேட்டார், ரெண்டேகால்னேன், அப்ப உங்கப்பா எம்.பி.க்கு நிக்க முடியாதுன்னுட்டார்.

உங்க மகன்